மெயில் பிரிண்ட் வரவில்லையா? கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்றவர்கள் அதிகம். பலர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் வைத்துத்தான் மெயில் பார்க்கிறீர்கள். 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் நல்ல மென்பொருள் அது. ஆனால் அதிலிருந்து ஒரு தாள் பிரிண்ட் வராவிட்டால் என்ன செய்கிறோம்? பென்ஷன் சிலிப்பையும் ஆதார் நகலையும் ஈசிஆர் ஓரத்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். இல்லையென்றால் கடைக் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டைப் போட்டு மெயிலைத் திறக்கிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். நமக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யார் என்று நமக்குத் தெரியுமா? பென்ஷன் பணம் வந்து சேரும் கணக்கின் விவரமெல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது.

வங்கியில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எல்லா வவுச்சரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் எந்தப் பாதியில் என்று முதலில் பிரிப்போம். இங்கேயும் அதே வழிதான்.

மெயிலைத் திறந்து கண்ட்ரோலையும் 'பி'யையும் சேர்த்து அழுத்துங்கள். 2021-இல் வந்த 91-ஆம் பதிப்பு முதல், மெயிலின் மாதிரித் தோற்றமும் அதன் பக்கத்தில் ஒரு பட்டையும் திறக்கும். பட்டையின் மேலே 'டெஸ்டினேஷன்' என்ற இடத்தில் பிரிண்டர் பெயருக்குப் பதில் 'சேவ் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேமித்ததைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப் ஒழுங்காக இருந்தால் தண்டர்பேர்டின் மேல் குற்றமில்லை. விண்டோஸையோ பிரிண்டரையோதான் பார்க்க வேண்டும். பிடிஎஃப்பே கோணலாக இருந்தால் பிரிண்டரைத் தட்டிப் பயனில்லை.

கோணல் என்றால் பெரும்பாலும் வலது ஓரம் வெட்டுப்படுவதுதான். 'மோர் செட்டிங்ஸ்' திறந்து, 'ஸ்கேல்' என்ற இடத்தில் 'ஃபிட் டு பேஜ் விட்த்' வையுங்கள். தாள் அளவு 'ஏ4' என்று இருக்கிறதா, 'லெட்டர்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம்மூர்த் தாள் ஏ4.

படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வந்தால் அது கோளாறல்ல. வெளியிலிருந்து வர வேண்டிய படங்களைத் தண்டர்பேர்ட் தானாகவே தடுத்து வைக்கும். படம் இறங்கினால், நீங்கள் மெயிலைத் திறந்த செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும் என்பதுதான் காரணம். தெரிந்த இடத்திலிருந்து வந்த மெயில் என்றால் மட்டும் அனுமதியுங்கள். கலரும் கட்டமுமாக வந்து மை குடிக்கும் மெயில்களுக்கு, ஆல்ட் பட்டனை அழுத்தினால் தெரியும் மெனுவில் 'வியூ', 'மெசேஜ் பாடி ஆஸ்', 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று போங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். பிரிண்ட் எடுத்தபின் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

பலர் கேட்கும் இன்னொன்று, 'மெயில் பிரிண்ட் ஆகிறது, ஸ்டேட்மெண்ட் ஆகவில்லை' என்பது. மெயிலை அச்சிட்டால் இணைப்பின் பெயர்தான் வரும். இணைப்பைத் தனியாகத் திறந்து, அதைத்தான் பிரிண்ட் கொடுக்க வேண்டும்.

சரி, பிடிஎஃப் நன்றாக இருக்கிறது, தாள்தான் வரவில்லை. விண்டோஸில் 'டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்' என்று ஒரு வசதி உண்டு. அது ஆனில் இருந்தால் நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே டீஃபால்ட் ஆகிவிடும். உதவி போலத் தெரிந்தாலும் உபத்திரவம்தான். செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள். அடுத்தது வரிசை. முன்னால் கொடுத்த ஒரு பிரிண்ட் மாட்டிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் காத்து நிற்கும். அதை முதலில் கேன்சல் செய்யுங்கள். போகாவிட்டால் 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு: கரண்ட் போய் வந்தபின் ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். அப்போது 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கோவளத்துக் கடற்காற்றைச் சொல்லாமல் விட முடியாது. தட்டில் நாள்கணக்கில் கிடக்கும் தாள் ஈரம் இழுத்து வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். வேண்டிய தாளை மட்டும் வைத்துவிட்டு, மீதியை உறையிலேயே மூடி வையுங்கள். இங்க்ஜெட் என்றால் வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள், மை உறையாது.

இவ்வளவும் பார்த்து நடக்கவில்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், அந்த ஒரு பிடிஎஃப்பை மட்டும் வெறும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள். கடைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்திருந்தால், உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.