முக்கால் கிரவுண்டிலிருந்து மொட்டை மாடிக்கு

இந்த எபிசோட்ல கோட் இல்ல, ஏஐ இல்ல, கம்பெனி மாறுறது பத்தியும் இல்ல. இன்னைக்குக் கீரை. சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க.

போன மாசம் மாடித்தோட்டம் பத்தி ஒரு வரி சொன்னேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி: "ஊர்ல எங்களுக்கு நிலம் இருந்தது, இப்ப இங்க பால்கனிதான் இருக்கு, என்ன போடலாம்?" எங்க வீட்டுக் கதை கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், எங்க நிலம் ஊர்ல இல்ல. தண்டவாளம் பக்கத்துல இருந்தது.

எங்கப்பா ரயில்வேல கேங்மேன். கொருக்குப்பேட்டைல இருந்து எண்ணூர் போற லைன்ல முப்பது வருஷத்துக்கு மேல சுத்தியலோட நடந்தவர். ரயில்வேல 'குரோ மோர் ஃபுட்'னு ஒரு திட்டம் உண்டு. 1940கள்ல பர்மா அரிசி வரத்து நின்னு நாடே தட்டுப்பாட்டுல இருந்தப்ப வந்த இயக்கத்தோட பேர் அது. பேர் அப்படியே தங்கிடுச்சு. லைன் ஓரமா சும்மா கிடக்கிற நிலத்தை ஊழியர்களுக்கு லைசென்ஸ்ல பயிர் பண்ணக் கொடுப்பாங்க. சொந்தம் கிடையாது, கட்டடம் கட்டக் கூடாது, செடி வைக்கலாம். இங்கிலாந்துல அலாட்மென்ட்னு சொல்றாங்களே, 1908-லயே அதுக்குச் சட்டம் போட்டாங்க, கிட்டத்தட்ட அதே மாதிரி. அங்க ஒரு முழுத் துண்டு சுமார் 250 சதுர மீட்டர், நம்ம கணக்குல ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல. அப்பாவுக்குக் கிடைச்சது முக்கால் கிரவுண்டு.

அதுல வெண்டை, கத்தரி, பந்தல்ல சுரை, ஓரத்துல நாலு வாழை, ரெண்டு முருங்கை. டூட்டி முடிஞ்சு நேரா அங்கதான் போவார். சைக்கிள் கேரியர்ல கோணிப்பையோட வருவார். வெண்டை சீசன்ல ஒரே நாள்ல பத்து கிலோ வரும். எங்க வீட்டுக்கு அரை கிலோ போதும். மிச்சம் கேங்ல இருக்கிறவங்களுக்கு, டீக்கடைக்கு, குவார்ட்டர்ஸ்ல எட்டு வீட்டுக்கு. காசு வாங்கினதே இல்ல. எங்க தெருவுல அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, 'வெண்டைக்கா அண்ணன்'தான்.

2022-ல ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணோம், துண்டையும் ஒப்படைச்சோம். இது யார் தப்பும் இல்ல, லைசென்ஸ்னா அப்படித்தான். ராயபுரத்துல ரெண்டாவது மாடில வாடகைக்கு வந்தோம். மேல மொட்டை மாடில எங்க பங்கு, துணி காயப் போடுற கம்பி போக, 120 சதுர அடி. 1800-ல இருந்து 120. பதினைஞ்சுல ஒரு பங்கு.

அடுத்த மூணு மாசம் வீட்ல இருந்த அமைதியை எனக்குச் சொல்லத் தெரியல. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து சைக்கிளை எடுத்துட்டுப் போயிடுவார். எங்க போறார்னு ஒரு நாள் பின்னாடியே போய்ப் பார்த்தேன். அந்தத் துண்டுக்கு வெளிய நின்னு பார்த்துட்டு இருந்தார். உள்ள வேற ஒருத்தரோட வெண்டை. நான் வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன். நான் பார்த்தது அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. (அவர் பாட்காஸ்ட் கேக்க மாட்டார்ன்ற தைரியத்துலதான் சொல்றேன்.)

சரி, மாடில ஏதாவது பண்ணுவோம்னு இறங்கினேன். தோட்டக்கலைத் துறை அந்தச் சமயத்துல மாடித்தோட்ட கிட் மானியத்துல கொடுத்துட்டு இருந்தாங்க, 900 ரூபாய் கிட் 225 ரூபாய்க்கு. ஆறு பை, ஆறு தென்னைநார்க் கட்டி, ஆறு வகை விதை, உயிர் உரம். அதை ஆரம்பமா வச்சுட்டு, மண்ணுக்கு என்ன பண்றதுனு யோசிச்சப்ப எனக்கு ஒரு சென்டிமென்ட் ஐடியா வந்தது. பழைய துண்டுல இருந்து நாலு மூட்டை மண் எடுத்துட்டு வந்து அப்பாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்னு. நல்லவேளை, முன்னாடியே வாய் விட்டுட்டேன்.

"அந்த மண்ண வூட்டு மேல ஏத்தாத"னு சொன்னார்.

எனக்குப் புரியல. இத்தனை வருஷம் உழைச்ச மண்ணாச்சே? அப்ப கேட்டார்: "நம்ம வூட்டுக்கு நான் எப்பவாச்சும் கீரை எடுத்தாந்து பார்த்துகிறியா?"

யோசிச்சுப் பார்த்தா, இல்ல. ஒரு நாள் கூட இல்ல. கையில முக்கால் கிரவுண்டு இருந்தும் அம்மா கீரையைத் தெருவுல கூடைக்காரம்மா கிட்டதான் வாங்குவாங்க. சின்ன வயசுல இருந்து கண்ணு முன்னாடி இருந்த பக், நான் கவனிச்சதே இல்ல.

அப்பாவோட கணக்கு இதுதான். தண்டவாளத்துப் பக்கத்து மண்ல டீசல் சொட்டும், பிரேக் தேயுற இரும்புத் தூள் விழும், பயோ டாய்லெட் வர்றதுக்கு முன்னாடி ரயில் கக்கூஸ் எல்லாம் நேரா லைன்ல திறந்தது. தினம் அதுல நடந்த ஆளுக்கு இதைச் சொல்லித் தரணுமா? "காய்க்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு செடி நீளம் கீது. கீரை மண்ணோட மண்ணாக் கெடக்கும்"னார். அப்புறம் நான் தேடிப் படிச்சதுல, பொதுவா கன உலோகங்கள் இலையிலயும் வேர்லயும் சேருற அளவுக்குக் காய்ல சேருறதில்ல. பத்தாவது தாண்டாத மனுஷன் இதை வச்சே என்ன போடணும், என்ன போடக் கூடாதுனு முடிவு பண்ணி இருந்திருக்கார். முள்ளங்கியும் போட்டதில்ல. (கூடைக்காரம்மா கீரை எந்தத் தண்ணில விளைஞ்சுதுனு எங்களுக்கும் தெரியாது. அது வேற எபிசோட்.)

அப்ப மாடில என்ன போடுறது? பெரும்பாலானவங்க பண்ற தப்பு, தோட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து ஐம்பது பர்சென்ட்ல பிரின்ட் போடுற மாதிரி, எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு வைக்கிறது. ஒரு கத்தரி, ஒரு வெண்டை, ஒரு தக்காளி. ஒரு வெண்டைச் செடி வாரத்துக்கு நாலு காய் கொடுக்கும், அதுல சாம்பார் கூட வராது. நான் அப்படித்தான் ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். அப்பா அதைப் பார்த்துட்டு, "கீரை. கொத்தமல்லி, புதினா, பச்சை மொளகா. அவ்ளோதான்"னு முடிச்சுட்டார். துண்டுல ஆசை இருந்தும் போடாததை எல்லாம் இங்க போடணும்னு.

முதல் ரவுண்டு ஊத்திக்கிச்சு. அது என் தப்பு. தென்னைநார்க் கட்டியை ஊறப்போட்டு அப்படியே பைல நிரப்பிட்டேன். அலசாத நார்ல உப்பு இருக்கும். அதுக்கு மேல போர் தண்ணி ஊத்தினேன், எங்க பக்கம் அது உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல் உள்ள வந்த கதை, தண்ணி பத்திப் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச உதாரணம். நாற்று எல்லாம் நுனி கருகி எட்டே நாள்ல போச்சு. தரைல இப்படி ஒரு தப்பு பண்ணா ஒரு மழை வந்து கழுவி விட்டுடும், வேரும் வேற பக்கம் ஓடும். பைல ஓட இடமே இல்ல. இப்ப நாரை மூணு தடவை நல்ல தண்ணில அலசிப் பிழியறோம், ஊத்துறது மெட்ரோ வாட்டர் மட்டும்.

வெயிட் பத்தியும் சொல்லிடறேன், இதுல விளையாடாதீங்க. ஆள் ஏறிப் போற மொட்டை மாடிக்கு நம்ம ஐ.எஸ். 875 சொல்ற கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஒரு அடிக்கு ஒரு அடி பைல ஈர மண் நிரப்பினா 35 கிலோ வரும். நெருக்கி ஒன்பது பை வச்சா 300 தாண்டிடும். நார், மண்புழு உரம் கலந்தா பாதிக்குப் பாதி குறையும். அப்பவும் நடு மாடில வேணாம், சுவர் ஓரமா, பீம் மேல வையுங்க. ராயபுரத்துல உத்தரம் போட்டுச் செங்கல் அடுக்கின பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கு. அதுல பையே வைக்காதீங்க, ஜன்னல் போதும்.

கீரைக்கு ஆழம் தேவையில்ல, அரை அடி போதும். அப்பா காசிமேட்ல இருந்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டி நாலு எடுத்துட்டு வந்தார். கழுவினோம், கழுவினோம், கழுவிட்டே இருந்தோம். வாரத்துக்கு ஒரு பெட்டில விதைப்போம். முளைக்கீரை மூணு நாலு வாரத்துல பறிக்கலாம், அதனால முதல் பெட்டி காலியாகும்போது நாலாவது முளைச்சு நிக்கும். எங்க ஆபீஸ் ரிலீஸ் எதுவும் இவ்வளவு ஒழுங்கா வந்ததில்ல. ஒரு வருஷத்துல தெர்மாகோல் வெயில்ல உதிர ஆரம்பிச்சது, இப்ப பிளாஸ்டிக் கிரேட்ல கோணி விரிச்சுப் போடறோம்.

ராயபுரம் ஆச்சே, தூசி? பழைய ஆட்களைக் கேட்டா மாடில வத்தல் காயப் போட்டா கறுத்துப் போன காலத்தைச் சொல்வாங்க. சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி, இரும்புத் தாது கையாளக் கூடாதுனு உயர் நீதிமன்றம் 2011-ல உத்தரவு போட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகம் பக்கம் போச்சு. எங்க வத்தல் வெளுத்துச்சு, எண்ணூர்க்காரங்களோடது என்ன ஆச்சுனு அவங்களைத்தான் கேக்கணும். அப்பா மாசம் ஒரு தடவை வெள்ளைத் தட்டுல தண்ணி தடவி ராத்திரி மாடில வச்சு, காலைல விரலால இழுத்துப் பார்ப்பார். எவ்வளவு விழுதுனு தெரியும், அதுல என்ன இருக்குனு தெரியாது, அதுக்கு லேப் வேணும். கீரையை மூணு தண்ணில அலசாம அடுப்புக்குப் போகாது.

வாரத்துக்கு ரெண்டு கட்டு கிடைக்குது. எங்க மூணு பேருக்குச் சரி. ஆனா கொடுக்க ஒண்ணும் மிச்சமில்ல. அதுதான் அவரை ரொம்ப நாள் அரிச்சுட்டு இருந்ததுனு லேட்டாத்தான் எனக்குப் புரிஞ்சது. பத்து கிலோ கொடுத்துப் பழகின கை. ஒரு தடவை ஒரு கிரேட்டைப் பறிக்காம அப்படியே விட்டார். நான் மறந்துட்டார்னு நினைச்சேன். பூத்து, முத்தி, உதிர்த்தா ஒரு பிடி விதை, கடுகை விடச் சின்னது, ஆயிரக்கணக்குல. இப்ப மாத்திரைக் கவர்ல போட்டு மடிச்சு, எதிர் வீடு, கீழ் வீடு, மளிகைக் கடைனு கொடுத்துட்டு வர்றார். கொடுத்ததோட விட மாட்டார், ரெண்டு வாரம் கழிச்சு மாடி ஏறிப் போய் முளைச்சுதானு பார்ப்பார். கீழ் வீட்டு அக்கா இவர் வர்றார்னு தெரிஞ்சா ஓடிப்போய்த் தண்ணி ஊத்துறாங்க.

முருங்கை மட்டும் வேணாம்னு நான் தெளிவாச் சொல்லி இருந்தேன். காத்து, வேர், வெயிட், எல்லாக் கணக்கும் போட்டுக் காமிச்சேன். தலையாட்டினார். நேத்து ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றேன், மாடிப்படில ஒரு பெரிய பெயின்ட் டப்பா, அடியில நாலு ஓட்டை, உள்ள ஒரு முருங்கைப் போத்து, நுனியில சாணி உருண்டை வச்சு.

ஒண்ணும் கேக்கல. பீம் எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் காட்டிட்டு வந்து படுத்துட்டேன்.