பொருளும் கோலமும்

கணினித் திரையிலே தோன்றும் தலைப்பு, பத்தி, படம் என்பன பொருள். அவற்றின் நிறமும் அளவும் எழுத்துருவும் கோலம். இவ்விரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டால் இடர் மிகும். நூறு பக்கங்களில் தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டின், நூறு பக்கங்களையும் திருத்த வேண்டியதாகும்.

இவ்விடரை நீக்குவதற்கு, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய நோர்வே நாட்டவரான ஹோக்கோன் வியூம் லீ 1994 ஒக்டோபரில் ஒரு முறையை முன்மொழிந்தார். பின்னர் பேர்ட் பொஸ் என்பாரும் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1996 டிசெம்பரில் வெளிவந்த அம்முறையே ‘சி.எஸ்.எஸ்.’ என வழங்கும் கோலத்தாள்.

கோலத்தாளின் விதி இரு கூறுடையது. எதற்கு என்பது ஒன்று. எவ்வாறு என்பது மற்றொன்று. ‘தலைப்புகள் நீலம்’ என ஒருமுறை விதித்தாற் போதும். அத்தாளோடு இணைந்த பக்கங்களின் தலைப்புகள் யாவும் நீலமாகும்.

ஆயின், ஆக்கியோன் ஒன்று விதிக்க, வாசகன் வேறொன்று விதித்தால் எது செல்லும்? பொதுவாக ஆக்கியோன் விதியே செல்லும். இருவரும் தத்தம் விதியை ‘முக்கியம்’ எனக் குறித்தாலும், 1996 ஆம் ஆண்டு நெறியின்படி ஆக்கியோனே வென்றான். 1998 இல் வந்த இரண்டாம் பதிப்பு இதனைத் தலைகீழாக்கியது. கண்பார்வை குன்றியவர் எழுத்தைப் பெரிதாக்கி, அதனை முக்கியம் எனக் குறித்தால், அவர் விருப்பமே வெல்லும். இந்நெறி இன்றும் நிலைபெற்றுள்ளது.

அழகு வேண்டற்பாலதே. எனினும், வாசிக்க இயலாதவனுக்கு அவ்வழகினால் யாது பயன்?