ஊமைக் கருவிக்கு ஒரு துபாஷி

கம்பெனியார் வாணிபம் செய்த காலத்தில், பண்டகசாலை தோறும் துபாஷி என்றொருவர் இருப்பார். கப்பலில் வந்தவருக்கு நம் நாட்டு மொழி தெரியாது. சரக்கு விற்பவருக்கு வந்தவர் மொழி தெரியாது. இரண்டும் அறிந்த துபாஷி வாய் திறந்தால்தான் பண்டம் கைமாறும். அவர் ஒருநாள் வாராதொழிந்தால், அறை நிறையச் சரக்கும் பெட்டி நிறையப் பணமும் இருந்தும் வாணிபம் நடவாது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு துபாஷியைப் பற்றியதே. கணிப்பொறித் துறையினர் அதனை டிரைவர் என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு பழைய கணிப்பொறி இருந்தது. அதில் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை நிறுவியிருந்தோம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ், பின்னர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு கிளை விட்டது. அக்கிளையின் வழியில், 1995-இல் தியோ டி ராட் என்பவர் கனடாவிலிருந்து தொடங்கியது இவ்வியங்குதளம். பொறியில் வைஃபை வசதி இல்லாமையால், கட்டைவிரல் அளவுள்ள யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகினோம். உடனே இணைப்புக் கிடைத்தது. மகிழ்ந்து, நண்பர் ஒருவருக்கும் அதே பெயரும் அதே பெட்டியும் உடைய இன்னொன்றை வாங்கிக் கொடுத்தோம். அதுவோ ஊமையாய்க் கிடந்தது. விளக்குக்கூட எரியவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, பெட்டியின் மேல் இருந்த பெயர்தான் ஒன்று, உள்ளே இருந்த சில்லு வேறு என்பது விளங்கிற்று.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும், செருகியவுடன் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று செய்தவர் யார் என்பதற்கு. மற்றொன்று பொருள் யாது என்பதற்கு. இயங்குதளம் தன்னிடமுள்ள டிரைவர்களை ஒவ்வொன்றாக அழைத்து, 'இந்த எண்களை அறிவாயோ?' என வினவும். 'அறிவேன்' என்று ஒன்று முன்வந்தால் கருவி உயிர் பெறும். ஒன்றும் முன்வாராவிடின், கருவி எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை.

முன்வந்த துபாஷிக்கும் வேலை எளிதன்று. யூ.எஸ்.பி. முறையில், கணிப்பொறி கேட்டாலன்றிக் கருவி பேசாது. காற்றிலே வரும் செய்தியோ கேட்டு வருவதில்லை, எந்நேரமும் வரும். ஆகவே, குழாயில் எப்போது தண்ணீர் வருமென்று அறியாதவர் காலிக்குடத்தைக் குழாயடியிலேயே வைத்திருப்பது போல, டிரைவரும் 'வந்தால் கொடு' என்னும் வேண்டுகோளை ஓயாமல் வைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு குடம் நிறைந்ததும் அடுத்ததை வைக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. உரியவர் எந்த நொடியிலும் கருவியைப் பிடுங்கிவிடலாம். சமையல் நடக்கும்போதே அடுப்பைத் தூக்கிச் செல்வதற்கு ஒப்பானது இது. நடுவில் நின்ற வேலைகளை ஒழுங்காக முடித்து விலகாத டிரைவர், பொறி முழுவதையும் நிலைகுலையச் செய்துவிடும்.

இவற்றையெல்லாம் திறமையுள்ள ஒருவர் முயன்று கற்கலாம். ஆனால் சில்லின் தனிப்பட்ட பழக்கங்களை யார் சொல்வது? ராலிங்க் என்னும் தைவான் நிறுவனத்தின் சில்லொன்றுக்காக எழுதப்பட்டது 'யூரல்' என்னும் டிரைவர். எழுதியவர் டேமியன் பெர்காமினி. 2005 மே மாதம் வெளியான ஓப்பன் பி.எஸ்.டி. 3.7 பதிப்பில் அது முதலில் இடம்பெற்றது. அச்சில்லு தனக்குக் கிடைத்த செய்தியைக் கணிப்பொறிக்குத் தரும்போது, செய்தியைப் பற்றிய குறிப்பை அதன் கடைசியில் வைக்கும். அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறைச் சில்லோ குறிப்பை முதலில் வைக்கும். அன்றியும், பழைய சில்லுக்கு அனுப்பும் செய்தியின் நீளம் இரட்டைப்படையாய் இருத்தல் வேண்டும். அது 64-இன் மடங்காக அமைந்துவிட்டால், மேலும் 2 பைட் சேர்த்து அனுப்புதல் வேண்டும். இத்தகைய நுட்பங்களை ஊகித்து அறிவதென்றால் மாதங்கள் கழியும். செய்தவர் ஆவணத்தைத் தந்தால் ஓரிரவில் படித்தறியலாம்.

அக்காலத்தில் எழுந்த வழக்கே இதுதான். நிறுவனங்கள் பல, ஆவணம் தர மறுத்தன. சில, இரகசியம் காப்பதாகக் கையெழுத்திடக் கேட்டன. வானொலி அலையின் வலிமையையும் அலைவரிசையையும் மாற்றிவிடுவரே என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. அதில் நியாயமே இல்லை என்று நாம் கூறோம். ஆயினும், விலை கொடுத்து வாங்கிய பொருளோடு பேசும் வழியையே மூடிவிடுவது முறையாகுமா? ஓப்பன் பி.எஸ்.டி. அன்பர்கள் இரகசிய உடன்பாட்டுக்கு இணங்கவில்லை. ஆவணம் கேட்டு விடாது எழுதினர். கதவு திறந்தவற்றுள் தைவான் நிறுவனங்கள் முன்நின்றன. இம்முயற்சியும் கருதப்பட்டே, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2004-ஆம் ஆண்டுக்கான பரிசு தியோ டி ராட்டுக்கு வழங்கப்பட்டது.

ஆவணத்தோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. பல சில்லுகள், தமக்குள்ளே ஓடவேண்டிய ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரலை ஒவ்வொரு முறையும் கணிப்பொறியிடமிருந்து பெற்றே விழித்தெழும். அந்நிரல் நிறுவனத்தாரின் உடைமை. பரப்புவதற்கு அவர்கள் இசைவு தாராவிடின், இயங்குதளத்தோடு சேர்த்து அதனை வழங்க இயலாது. இணையத்திலிருந்து தனியே கொண்டுவர வேண்டும். இணையத்தை அடைவதற்கோ அந்த அடாப்டரே வேண்டும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். யூரல் சில்லுக்கு ஃபர்ம்வேர் வேண்டியதில்லை. 2006-இல் வந்த 'ரம்' என்னும் டிரைவருக்கு அது வேண்டும். எனினும், பரப்ப இசைவு கிடைத்தமையால் இயங்குதளத்தோடேயே அது வருகிறது.

இவற்றால் நாம் அறிவதென்ன? மூல நிரல் வெளிப்படையாய் உள்ள டிரைவர், செய்த நிறுவனத்தின் ஆயுளுக்குக் கட்டுப்பட்டதன்று. ராலிங்க் நிறுவனம் 2011-இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. அதன் சில்லுக்காக எழுதிய துபாஷியோ அதன் பின்னும் பணி செய்தது. மூல நிரல் மூடிக்கிடந்தால், நிறுவனம் கைவிட்ட அன்றே நல்ல கருவியும் குப்பைக்குப் போகும். பழைய பொறிகளைக் கொண்டே கற்கும் மாணவர்க்கு இது சிறிய இழப்பன்று.

ஆகவே, அடாப்டர் வாங்கப் புகும் அன்பர்கள் பெட்டியின் பெயரை நம்பாது, உள்ளே உள்ள சில்லு எதுவென்று கேட்டறிக. தம் இயங்குதளத்தின் கையேட்டில் அச்சில்லின் பெயர் உண்டா என்று பார்த்தபின் பணம் கொடுக்க. நம் நண்பர் அவ்வாறே தேடி வேறொன்று வாங்கினார். மாலையில் அவர் வீட்டிலிருந்து நமக்குக் கடிதம் வந்தது. தாளில் அன்று, அந்தக் கட்டைவிரல் அளவுக் கருவியின் வழியாக.