பழத்தோட்டத்துத் தழையின் பிரயோஜனம்
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



மாங்காய் அறுப்பு முடிந்தபின் ஆனி, ஆடி மாதங்களில் மரங்களைக் கவாத்து செய்யும் வழக்கம் தோட்டக்காரர்களிடையே பரவி வருகின்றது. நெருக்க நடவு செய்த தோட்டங்களில் ஆண்டுதோறும் கிளை கழித்தாலன்றி மரங்கள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு காய்ப்புக் குன்றிவிடும். கழித்த கிளைகளில் பருமனானவை விறகாகின்றன. தழை மட்டும் வரப்போரத்தில் குவிந்து காய்ந்து ஒருநாள் மாலையில் தீக்கு இரையாகின்றது. மாவிலைப் புகை கண்ணையும் மார்பையும் கரிக்கும் என்பதைப் பக்கத்து வீட்டார் நன்றாய் அறிவார்கள். கொய்யாத் தோட்டத்திலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் நடப்பது இதுவே.

இவ்வாறு எரிக்கப்படும் தழையில் விலைபெறக்கூடிய சத்துக்கள் உண்டு. இந்தச் செய்தியைக் கேட்டவுடன் கிராமத்தில் இரண்டு விதமான தவறு நேரிடக்கூடும். ஒன்று, நம்பாமல் எரித்துக்கொண்டே இருப்பது. மற்றொன்று, இலையிலே பொன் விளைகின்றது என்று எண்ணி, யந்திரம் வாங்கக் கடன் கேட்டுச் சங்கத்திற்கு விண்ணப்பம் போடுவது. முதல் தவற்றால் தழை மட்டுமே வீணாகும். இரண்டாவதால் சங்கத்தின் மூலதனமே போய்விடும்.

வெயிலுக்கும் பூச்சிக்கும் பயந்து மரம் ஓடி ஒளிய இயலாது. ஆகையால் அது தன் இலையிலேயே பலவித வஸ்துக்களை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்கின்றது. இலையை மென்றால் தோன்றும் துவர்ப்பும் கசப்பும், கசக்கினால் எழும் வாசனையும் அவ்வஸ்துக்களால் உண்டாவனவே. மாவிலையில் முக்கியமானது மேங்கிபெரின் என்னும் மஞ்சள் நிறப் பொருள். அது தளிரில் மிகுதியாகவும் முற்றிய இலையில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். கொய்யா இலையில் துவர்ப்புச் சத்தும் குவர்செட்டின் என்ற மற்றொரு மஞ்சள் பொருளும் உள்ளன. எலுமிச்சை, நாரத்தை இலைகளை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் தென்படும். அவை எண்ணெய்ப் பைகள். மழையில் பல நாள் நனைந்து கறுத்த சருகில் இவை சொற்பமாகவே மிஞ்சும். அந்தச் சருகு எருக்குழிக்கே உரியது.

மாவிலையிலிருந்து பொருள் ஈட்ட முயன்ற ஒரு கிராமத்தின் வரலாறு இவ்விஷயத்தில் நினைவிற் கொள்ளத்தக்கது. பீகாரில் முங்கேர் நகரை அடுத்துள்ள மிர்ஸாபூர் என்னும் ஊரில் கோவலர் சிலர் பியூரி என்ற மஞ்சள் வர்ணத்தைத் தயாரித்து வந்தனர். ஐரோப்பாவின் சித்திரக்காரர்கள் அதனை 'இந்திய மஞ்சள்' என்று பெயரிட்டு விரும்பி வாங்கினார்கள். 1883-ம் ஆண்டில் திரைலோக்கியநாத முகர்ஜி என்பவர் அவ்வூருக்கு நேரில் சென்று பார்த்து எழுதிய கடிதம் லண்டனில் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. பசுக்களுக்கு மாவிலையும் தண்ணீருமே ஆகாரமாய்க் கொடுக்கப்பட்டன. அவற்றின் சிறுநீரைச் சிறு பானைகளில் பிடித்து, அடுப்பில் காய்ச்சி, அடியில் தங்கும் மஞ்சள் வண்டலைத் துணியில் வடிகட்டி, உருண்டையாய்ப் பிடித்து, தணலிலும் வெயிலிலும் உலர்த்தினார்கள். இலையிலுள்ள மேங்கிபெரின் பசுவின் உடம்பில் மாறுதல் அடைந்து அவ்வர்ணமாக வெளிப்பட்டது.

ஒரு பசுவிடம் நாளொன்றுக்குக் கிடைத்த சிறுநீர் சுமார் முக்கால் காலன். அதிலிருந்து கிடைத்த பியூரி 2 அவுன்ஸ். வியாபாரிகள் கொடுத்த விலை ராத்தலுக்கு ஒரு ரூபாய். ராத்தலுக்கு 16 அவுன்ஸ் ஆகையால், ஒரு பசு எட்டு நாள் மெலிந்து கொடுத்ததற்குக் கூலி ஒரு ரூபாய் என்று கணக்காகின்றது. அப்பசுக்கள் மிகவும் நலிந்து காணப்பட்டன என்றும், அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் இத்தொழில் செய்வோரை மாடுகளை அழிப்பவர்கள் என்று வெறுத்தார்கள் என்றும் முகர்ஜி எழுதியிருக்கின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழில் மறைந்துபோயிற்று. பிற்காலத்தில் இக்கதையே கட்டுக்கதை என்று சிலர் சந்தேகித்தனர். ஆனால் முகர்ஜி சேகரித்து அனுப்பிய மாதிரிகள் இங்கிலாந்தில் கியூ தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றில் பிராணியின் சிறுநீருக்குரிய அடையாளங்கள் உள்ளன என்பது 2019-ம் ஆண்டில் வெளியான ரஸாயனப் பரிசோதனையில் தெரியவந்தது. மேங்கிபெரினைப் பிரித்தெடுக்கப் பசு தேவையில்லை என்பதை இன்று ரஸாயன சாஸ்திரிகள் அறிவர். எரிசாராயம் கலந்த வெந்நீரே அதனை இலையிலிருந்து கரைத்து எடுத்துவிடும். மிர்ஸாபூர்க் கோவலர்களிடம் இந்த அறிவும் இல்லை. விலை பேச ஒரு சங்கமும் இல்லை.

இதற்கு மாறான உதாரணம் தென்னமெரிக்காவில் பராகுவே தேசத்தில் காணப்படுகின்றது. பாதிரிமார் முற்காலத்தில் கொண்டுவந்த கசப்பு நாரத்தை அங்கே காட்டுமரமாய்ப் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சிறு குடியானவர்கள் அதன் இலையையும் இளங்குச்சியையும் வெட்டி, நாட்டுப்புற வாலைகளில் நீராவி கொண்டு வடித்து, 'பெட்டிகிரேன்' என்னும் வாசனைத் தைலத்தை எடுத்து வருகின்றார்கள். அத்தைலம் வாசனைத் திரவியங்களிலும் சோப்பிலும் சேர்கின்றது. ஒரு ராத்தல் தைலத்திற்குச் சில நூறு ராத்தல் தழை வேண்டும். இவ்வளவு தழையை வெகுதூரம் வண்டியில் ஏற்றிச் சென்றால் வாடகையே விலையை விழுங்கிவிடும். ஆகையால் வாலை தோப்பின் அருகிலேயே இருக்கின்றது. வாலை வைக்க எண்ணும் எந்தச் சங்கமும் முதலில் கணக்கிட வேண்டியது இந்த வண்டிச் சத்தத்தையே.

இனி, நமது கிராமங்களில் செய்யக்கூடியது எது என்று பார்க்கலாம். சுத்தமான மேங்கிபெரினைப் பிரிப்பது கிராமத்து வேலையன்று. அதற்கு எரிசாராயமும், அதனை வைத்திருக்க அரசாங்க அனுமதியும், பரிசோதனைச் சாலையும், தேர்ந்த ஆட்களும் வேண்டும். அடுப்படியிலேயே ஆகக்கூடிய காரியம் சாயம் காய்ச்சுதல். நறுக்கிய மாவிலையை மண்பாண்டத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் மஞ்சட்சாறு கிடைக்கும். படிகாரம் ஊட்டிய நூலை அதில் காய்ச்சினால் மஞ்சள் நிறம் பிடிக்கும். பட்டும் கம்பளியும் எளிதில் நிறம் ஏற்கும். பருத்தி நூலுக்குக் கடுக்காய்ச் சாறு முன்னதாக ஊட்டுதல் நலம். மஞ்சட்கிழங்கின் சாயம் வெயிலில் விரைவில் வெளுப்பதுபோல் இது வெளுப்பதில்லை. இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சினால் மஞ்சள் கெட்டு நிறம் மங்கிவிடும். ஆனால் கொய்யா இலைச் சாற்றில் அன்னபேதியை வேண்டுமென்றே சிறிதளவு சேர்த்தால் சாம்பல் நிறமும் கருநிறமும் உண்டாகும். கைத்தறி நெசவாளர் சங்கம் அருகில் உள்ள ஊர்களில் இரு சங்கங்களும் கலந்து பேசி, முதலில் ஒரு சிப்பத்தில் ஒரு பகுதி நூலுக்கு மட்டும் சாயம் ஏற்றிப் பார்க்கலாம்.

மற்றொரு வழி உலர்ந்த இலையாக விற்பது. மருந்துச் சாலைகளும் சத்து வடிக்கும் தொழிற்சாலைகளும் இலையை உலர்ந்த நிலையிலேயே வாங்குகின்றன. ஜப்பானில் கொய்யா இலைப் பானம் ஒன்று, உணவுக்குப்பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தணிப்பதற்கென 2000-ம் ஆண்டில் அரசாங்க அங்கீகாரம் பெற்றது. இதனைக் கேள்வியுற்று, நீரிழிவுக்காரர் எவரேனும் வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் கொய்யா இலைக் கஷாயத்தையோ மாவிலைக் கஷாயத்தையோ நம்பியிருப்பது உயிருக்கே ஆபத்து. சங்கம் விற்கும் பொட்டலத்தின்மேல் நோய் தீர்க்கும் என்று அச்சிடுவதும் கூடாது.

உலர்த்துவதில்தான் சரக்கின் மதிப்பு இருக்கின்றது. கவாத்து செய்த அன்றே இலையைக் காம்போடு உருவி, தண்ணீரில் அலசி, மூங்கில் தட்டிகளில் மெல்லிய படலமாக நிழலில் பரப்ப வேண்டும். குவியலாக ஓரிரவு கிடந்தாலும் உள்ளே சூடேறி இலை கறுக்கும். நாள்தோறும் இரு முறை புரட்ட வேண்டும். நடுநரம்பு வளையாமல் சடக்கென்று முறிந்தால் பதம் வந்தது என்று அறியலாம். நூறு ராத்தல் பச்சை இலை உலர்ந்தபின் பாதிக்கும் குறைவாகவே நிற்கும். ஆகையால் பச்சை எடைக்கு விலை பேசி, உலர்ந்த எடைக்குப் பணம் கொடுத்தால் சண்டை வரும். பூச்சி மருந்து தெளித்த மரத்தின் இலையைப் பற்றி மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். எந்த மரத்தில் எந்த மருந்து எந்தத் தேதியில் தெளிக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு அங்கத்தினரும் எழுதிக் கொடுத்தாலன்றி அவர் தழையைச் சேர்க்கக் கூடாது. ஒருவர் மறைத்தால் ஊர் முழுவதன் சரக்கும் திரும்பி வரும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வேறு. தழைக்கு விலை உண்டு என்று தெரிந்தவுடன், கழித்த கிளையோடு நில்லாமல் நிற்கும் மரத்திலேயே தளிரை உருவும் ஆசை தோன்றும். தளிரில் சத்து மிகுதி என்பதும் அந்த ஆசைக்குத் தூபம் போடும். அறுப்புக்குப்பின் விடும் கொழுந்து முற்றிப் பக்குவப்பட்டால்தான் அதன் நுனியில் தை, மாசியில் பூ எடுக்கும். அந்தக் கொழுந்தை உருவியவன் அடுத்த ஆண்டின் மாம்பழத்தை இலை விலைக்கு விற்றவனாவான். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரருக்கும், ஆயக்குடிக் கொய்யாத் தோட்டக்காரருக்கும் பழமே ஜீவனம். தழை உபரி வரும்படிதான். ஆகையால் கவாத்தில் விழுந்த தழையையன்றி வேறு தழை வாங்குவதில்லை என்று சங்கம் தீர்மானம் எழுதி வைப்பது அவசியம். குத்தகைக்கு விட்ட தோப்புகளில் இது இன்னும் அவசியம். குத்தகைதாரர் ஓராண்டு வருமானத்தைப் பார்ப்பாரேயன்றி மரத்தின் ஆயுளைப் பாரார்.

இந்தியாவில் 1904-ம் ஆண்டின் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. வாங்கல், விற்றல், உற்பத்தி ஆகியவற்றுக்கான சங்கங்களுக்கு 1912-ம் ஆண்டின் சட்டம் வழி திறந்தது. இருந்தும் அநேக கிராமங்களில் சங்கம் என்றால் கடன் என்றே இன்றுவரை பொருள் கொள்ளப்படுகின்றது. தழை விஷயத்தில் கடன் கடைசியில் வரவேண்டியது. முதலில் ஐந்து ராத்தல் உலர்ந்த இலையை மாதிரியாக அனுப்பி, வாங்குவோரிடமிருந்து விலையும் அளவும் தேதியும் குறித்த எழுத்துமூலமான உத்தரவு பெறவேண்டும். உத்தரவு கைக்கு வந்தபின் தட்டியும் சாக்கும் தராசும் வாங்கினால் போதும். உருவுதல், அலசுதல், புரட்டுதல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்யப்போகின்றனர். அவர்கள் கூலியை விற்பனைக்குக் காத்திராமல் வாரந்தோறும் கொடுப்பதற்குரிய சிறு தொகையைச் சங்கம் ஒதுக்கி வைக்கவேண்டும். உத்தரவு கிடைக்காத ஆண்டில் இலையை உலர்த்துவது வீண் சிரமம்.

அவ்வாண்டிலும் தீ வைக்க வேண்டியதில்லை. மாவிலை மெழுகுப் பூச்சும் நாரும் உடையது. தனியே குவித்தால் மக்குவதற்கு மாதங்கள் பல செல்லும். அதனை நறுக்கி, ஒரு சாண் கனத்திற்குப் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, அதன்மேல் பசுந்தழையோ ஆவாரையோ ஒரு அடுக்கு இட்டு, இவ்வாறே மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் குறையாமல் காத்து, மாதம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சாயம் காய்ச்சிய சக்கையும் இதே குழியில் சேரலாம். எரு முதிர்ந்தவுடன் தழை கொடுத்த தோட்டங்களுக்கே எடை விகிதப்படி பங்கிட்டு, அந்தக் கணக்கையும் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுவது முறை.