நம் வீட்டுக் குழாய்க்குப் பின்னால் ஒரு காடு

(செபராங் ஜெயாவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மவர்கள் தொழில் வழிகாட்டிக் கூட்டம் நடத்தினால் பட்டியல் எப்படி ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். டாக்டர், வழக்கறிஞர், பொறியியலாளர், கணக்காய்வாளர். நேரம் மிச்சமிருந்தால் கணினி. இன்று அந்தப் பட்டியலில் வராத ஒரு வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன். காட்டையும், அந்தக் காட்டிலிருந்து இறங்கி வரும் ஆற்றையும் காக்கும் வேலை.

முதலில் ஒரு கேள்வி. இன்று காலை நீங்கள் முகம் கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது? பி.பி.ஏ. பில் வருகிறது, பணம் கட்டுகிறோம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்கு மேல் நாம் யோசிப்பதில்லை. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காக நீர் விநியோகத்தை நிறுத்தினார்களே, அப்போதுதான் வாளியும் டிரம்முமாக யோசித்தோம்!

பினாங்கு மாநிலம் எடுக்கும் ஆற்று நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. லஹார் தியாங் என்ற இடத்தில் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, கால்வாய் வழியாக சுங்கை டுவாவுக்குக் கொண்டுவந்து சுத்திகரித்து, பெருநிலப் பகுதிக்கும், கடலுக்கடியில் போட்ட குழாய்கள் வழியாகத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். மாநிலத்தின் மிகப் பெரிய அணையான மெங்குவாங் அணையிலும் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்து இறைத்துச் சேமிக்கும் நீர்தான்.

அந்த ஆறு பினாங்கில் பிறக்கவில்லை. கெடாவில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காட்டுப் பகுதியில் பிறக்கிறது. அந்தக் காடு 160,000 ஹெக்டருக்கும் மேல். தீவையும் பெருநிலத்தையும் சேர்த்தால் பினாங்கு மாநிலம் ஏறத்தாழ 105,000 ஹெக்டர்தான். ஆக, நம் மாநிலத்தைப் போல ஒன்றரை மடங்கு பெரிய காடு, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு நமக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. மூடா, பெடு, அனிங் ஆகிய மூன்று அணைகளும் அங்கேதான் இருக்கின்றன. கெடா, பெர்லிஸ் நெல்வயல்களுக்கும் அதுவே தாய்மடி. நாம் சாப்பிடும் சோற்றிலும் அந்தக் காடு இருக்கிறது.

காடு எப்படித் தண்ணீர் தருகிறது? பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். மழை நேராகத் தரையில் அறையாதபடி மரக்கிளைகள் அதன் வேகத்தைத் தடுக்கின்றன. கீழே விழும் நீரை இலைச்சருகு மெத்தை வாங்கிக்கொள்கிறது. வேர்களும் மண்புழுக்களும் துளைத்து வைத்த மண் அதைக் குடிக்கிறது. பிறகு அந்த மண் நாள்கணக்காக, வாரக்கணக்காக, சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. மழை இல்லாத பிப்ரவரி மாதத்திலும் ஆறு ஓடுவது இதனால்தான். மரத்தை வெட்டி, புல்டோசரால் பாதை போட்டு மண்ணை இறுக்கிவிட்டால் மழை மேற்பரப்பிலேயே ஓடும். மழைக்காலத்தில் வெள்ளம், வெயில் காலத்தில் வறட்சி. ஓடும் தண்ணீர் மண்ணையும் வாரிக்கொண்டு வரும். அந்த மண் அணையின் அடியில் படியும். அணையின் சுவர் அதே உயரத்தில்தான் நிற்கும், ஆனால் கொள்ளும் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

2022 ஜூலை 4ஆம் நாள் பாலிங்கில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குனோங் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக வெள்ளம் இறங்கி மூவர் உயிரிழந்தனர். மேலே மலைச்சரிவில் டுரியான் தோட்டத்திற்காகக் காடு அழிக்கப்பட்டது பற்றி நாடே பேசியது. கூப்பாங் ஆறு சுங்கை கெட்டிலில் கலக்கிறது. சுங்கை கெட்டில் மூடா ஆற்றில் கலக்கிறது. அதாவது அந்தச் சேறு வந்த வழியும் நம் குழாய்க்கு வரும் வழியும் ஒன்றுதான்.

இதில் அரசியல் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. கெடா அரசுக்கு வெட்டுமரத்தால் வருமானம் வருகிறது. மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதற்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்கிறார்கள். பினாங்கு ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா கேட்டதும், ஆறு இயற்கையாக ஓடி வருகிறது, அதற்கு ஏன் கட்டணம் என்று பினாங்கு மறுத்ததும் பத்திரிகைகளில் வந்த செய்தி. என் கருத்து, கெடாவின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது முதலில் மத்திய அரசு. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய நிதி தரும் திட்டம் 2019இல் 60 மில்லியன் ரிங்கிட்டில் தொடங்கி, 2024இல் 200 மில்லியனாக உயர்ந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநகரம் 1997இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. பல பில்லியன் டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, மேலே கேட்ஸ்கில் மலையில் உள்ள காட்டையும் அங்குள்ள விவசாயிகளையும் ஆதரிக்கப் பணம் கொடுத்தது. அந்தத் தண்ணீரைத்தான் அந்த நகரம் இன்றும் குடிக்கிறது. ஆலையைவிடக் காடு மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்தக் கணக்கை இங்கே போடப் போவது யார்? அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

வனக்காவலர் வேலை என்றால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பது என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது பாதி அளவெடுக்கும் வேலை. தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் தேர்ந்து வெட்டும் முறை நடப்பில் இருக்கிறது. உற்பத்திக் காட்டில்கூட எல்லா மரத்தையும் வெட்ட முடியாது. வெட்டுவதற்கு முன் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். மெராந்தி இனத்தைச் சேர்ந்த மரமானால் விட்டம் குறைந்தது 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அடியில் பலகை வேர் புடைத்திருந்தால் அதற்கு மேலே அளக்க வேண்டும். மரத்தை அறுத்துப் பார்க்காமல் விட்டத்தை எப்படி அளப்பது? படிவம் 2இல் படித்தீர்களே, சுற்றளவை 3.14ஆல் வகுக்க வேண்டும். டேப்பில் 157 சென்டிமீட்டர் வந்தால் விட்டம் 50. 150 வந்தால் 48கூட இல்லை. அந்த மரம் நிற்க வேண்டும். ஏழு சென்டிமீட்டரில் ஒரு மரத்தின் தலையெழுத்து! அந்த டேப்பைப் பிடித்திருப்பவர் நேர்மையானவரா, கணக்குத் தெரிந்தவரா என்பதைப் பொறுத்துத்தான் சட்டமே நிற்கிறது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. காட்டில் இருப்பது ரேஞ்சர்.

இது எஸ்.பி.எம். தேர்ச்சியிலேயே நுழையக்கூடிய துறை. சான்றிதழோடு கீழ்நிலைப் பணி, டிப்ளோமாவோடு ரேஞ்சர் நிலை, பட்டத்தோடு அதிகாரி. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும், கோத்தா கினபாலுவில் உள்ள சபா பல்கலைக்கழகத்திலும் வனவியல் படிக்கலாம். ஆறு பிடித்தவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். நிபோங் திபாலில் உள்ள யு.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் ஆற்றுப் பொறியியலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து காரில் போனால் அரை மணி நேரம். வடிகால் நீர்ப்பாசன இலாகா, வனவிலங்கு இலாகா, நீர் விநியோக நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், மரச் சான்றிதழுக்காகத் தணிக்கை செய்பவர்கள் என்று வாசல்கள் பல. துணைக்கோளப் படத்தை வைத்து எங்கே காடு குறைந்தது என்று வரைபடம் போடுபவர்கள் குளிர்சாதன அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டைக்குப் பயந்தவர்களுக்கும் இடம் உண்டு!

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வனப்பூங்கா 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அது ஆதிக் காடு அல்ல. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்தது. அங்கே பணிபுரிந்தவர்களில் எஸ். அப்பண்ணா என்ற ஆய்வாளரும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெராந்தி மரங்கள் ஒன்றாகப் பூக்கும்போது, அத்தனை உயரத்தில் மகரந்தத்தைக் கொண்டு செல்வது யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஓரிரு மில்லிமீட்டரே உள்ள திரிப்ஸ் என்ற பூச்சிகள்தான் என்று அவரும் எச். டி. சானும் 1981இல் எழுதினார்கள். உலகம் முழுவதும் வனவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பினாங்கிலேயே எஸ். எம். முகமது இத்ரிஸ் இருந்தார். தமிழகத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவர், 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர். 2019இல் மறையும்வரை காட்டுக்காகவும் ஆற்றுக்காகவும் குரல் கொடுத்தார். ஆக, நம்மவர்களுக்கு இது புதுப் பாதை அல்ல. நடந்தவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

இனி பெற்றோர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "காட்டுல வேலை செய்யவா புள்ளையப் படிக்க வெச்சோம்?" என்கிறது. தோட்டத்தில் நாம் 'காடு' என்று சொன்னது பால்மரக் காட்டை. விடியும் முன் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனதும், வெளிக்காட்டு வேலையில் மருந்து அடித்ததும் 'காட்டுக்குப் போவது' என்றே சொல்லப்பட்டது. அந்தக் காட்டிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர நம் தாய்மார்கள் பட்ட பாடு சாதாரணமல்ல. அதனால் அந்தச் சொல்லே கசக்கிறது. அது நியாயமான கசப்பு. இந்த செபராங் பிறையில் கரும்புத் தோட்டத்திற்கும், பிறகு ரப்பருக்கும் நிலம் திருத்திய கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை; கூலி கொடுத்தார்கள், வெட்டினார்கள். இன்று நான் சொல்வது வேறு காடு, வேறு வேலை. கங்காணிக்குக் கீழே நிற்கும் வேலையல்ல. லாரியை நிறுத்தி "உரிமம் காட்டு" என்று கேட்கும் வேலை.

சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றலாகி கிரிக்கிலோ, குவா மூசாங்கிலோ சில ஆண்டுகள் இருக்க நேரலாம். தமிழ்க் கடை இல்லாத ஊராக இருக்கலாம். பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்பீர்கள். புத்ரா பல்கலைக்கழகத்தின் வனவியல் வகுப்பில் போய்ப் பாருங்கள், பெண்கள் நிறைய இருப்பார்கள். நம் பெண்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

"விண்ணப்பித்தாலும் நமக்குக் கிடைக்காது" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. அரசுப் பணியில் அந்த அளவுக்கு நாம் இல்லை என்பது நம் இயக்கங்கள் பல ஆண்டுகளாக எழுப்பும் குரல்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு வலு வேண்டுமானால் ஒரு துறைக்கு நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று இலாகா இலாகாவாகக் கேட்க வேண்டும். விண்ணப்பமே போகாத துறையில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனவே பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு எங்களிடம் வாருங்கள். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது. படிவம் 3இல் உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலிங்கில் கென்சியு என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள், சில நூறு பேர்தான். நம்மைவிட மிகச் சிறிய சிறுபான்மை. காட்டைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தராததை அவர்கள் அறிவார்கள். நீங்கள் சீருடை அணிந்து அங்கே போனால், முதலில் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நம்மிடம் யாரும் கேட்டதில்லை என்று குறைப்படும் நாம், அடுத்தவரிடம் கேட்கப் பழக வேண்டும்.

சரி, பேச்சு போதும். வரும் சனிக்கிழமை காலை 7.30க்கு புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்கூன் வனப்பூங்காவுக்குப் போகிறோம். அங்கே பலகை வேர் விரித்த பெரிய மெங்குண்டூர் மரம் ஒன்று நிற்கிறது. அதை டேப்பால் அளக்க எங்கே பிடிப்பது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஓடையில் நூறு அடி தூரத்தில் ஒரு பந்தை மிதக்கவிட்டு, கடிகாரம் வைத்துத் தண்ணீரின் வேகத்தைக் கணக்கிடுவோம். காலை முழுதாக மூடும் கால்சட்டை, சப்பாத்து, தண்ணீர்ப் புட்டி, தையல்காரர் டேப் இருந்தால் ஒன்று. வாசலில் உள்ள தாளில் பெயர் எழுதுங்கள். பெற்றோர்களுக்கும் அதில் தனி வரி போட்டிருக்கிறோம்.