மதிப்பெண்ணும் மெய்யியலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1896ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள். சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரப் பள்ளியில் இறுதித் தேர்வு நடைபெறுகிறது. பிரெஞ்சு மொழித் தாளில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். எதிர்காலத்துக்கான திட்டங்கள் என்பது தலைப்பு. பதினேழு வயது மாணவர் ஒருவர் பிழைகள் மலிந்த பிரெஞ்சில் எழுதுகிறார். தேறினால் சூரிச் நகரின் பாலிடெக்னிக்கில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கணிதமும் இயற்பியலும் பயின்று ஆசிரியராக வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று எண்ணத்தக்கது. அருவமான சிந்தனையில் தமக்கு நாட்டம் உண்டு என்றும், கற்பனையும் செயல்திறனும் தம்மிடம் குறைவு என்றும் அவர் எழுதினார்.

அந்த மாணவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். கற்பனை குறைவு என்று தேர்வுத் தாளில் எழுதிய அவர், பதினாறு வயதிலேயே வேறொரு வினாவைத் தமக்குத் தாமே எழுப்பிக் கொண்டவர். ஓர் ஒளிக்கதிரின் பின்னே அதற்கு இணையான வேகத்தில் ஒருவன் ஓடினால் அவன் கண்ணுக்கு அந்த ஒளி எப்படித் தோன்றும் என்பதே அவ்வினா. தேர்வுத் தாள் எதிலும் அது இடம்பெறவில்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

ஐன்ஸ்டைன் கணிதத்தில் தோற்றவர் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது உண்மையன்று. 1895இல், உரிய வயது நிரம்பும் முன்பே சூரிச் நுழைவுத் தேர்வை எழுதிய அவர், கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினார். பொதுப் பாடங்களில்தான் தேறவில்லை. அதனாலேயே ஆராவ் பள்ளிக்கு வந்தார். அங்கு அவர் பெற்ற சான்றிதழில் இயற்கணிதம், வடிவியல், இயற்பியல், வரலாறு ஆகியவற்றுக்கு 6க்கு 6. பிரெஞ்சுக்கு மட்டும் 3. எனவே தேர்வு பற்றி அவர் பின்னாளில் கூறியவை தோற்றவரின் புலம்பல் அல்ல. வென்றவர் ஒருவர் தம் வெற்றிக்குக் கொடுத்த விலையை எண்ணிப் பார்த்துச் சொன்னவை.

அந்த விலை யாது? சூரிச்சில் நான்கு ஆண்டுகளில் பெரிய தேர்வுகள் இரண்டே. 1898இல் நடந்த இடைத் தேர்வில் அவர் முதலிடம் பெற்றார். 1900இல் நடந்த இறுதித் தேர்வில் அவர் பெற்ற சராசரி 6க்கு 4.91, ஐவருள் நான்காமிடம். வகுப்புகளுக்கு ஒழுங்காகச் செல்லாத அவருக்கு, நண்பர் மார்செல் கிராஸ்மன் எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளே கைகொடுத்தன. விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைத்தையும் மூளைக்குள் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேர்வு முடிந்த பின் ஓராண்டுக் காலம் அறிவியல் சிக்கல் எதையும் எண்ணிப் பார்க்கவே மனம் கசந்தது என்று, 1946இல் எழுதி 1949இல் வெளிவந்த தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவர் பதிவு செய்துள்ளார். பிற இடங்களோடு ஒப்பிட்டால் சூரிச்சில் கட்டாயம் மிகக் குறைவு என்பதையும் அவரே நேர்மையுடன் ஒப்புக்கொள்கிறார். அந்தக் குறைந்த கட்டாயமே ஓராண்டு வேட்கையைத் தின்றது என்றால், மிகுந்த கட்டாயம் எத்தனை பேரின் வேட்கையைத் தின்றிருக்கும்!

அந்த ஐவருள் கடைசி இடத்தில் நின்றவர் மிலேவா மாரிச். அவ்வகுப்பின் ஒரே பெண். செர்பியக் குடும்பத்தில் பிறந்து, பெண்களுக்கு உயர்கல்வி அரிதாக இருந்த காலத்தில் சூரிச் வரை வந்து சேர்ந்தவர். 1900இல் அவர் தேறவில்லை. 1901இல், கருவுற்றிருந்த நிலையில், மீண்டும் எழுதினார், மீண்டும் தேறவில்லை. பட்டம் கிட்டவில்லை. ஒரே தேர்வு ஒருவரிடமிருந்து ஓராண்டைப் பறித்தது. மற்றொருவருக்கு வாயிலையே அடைத்தது. பின்னாளில் ஐன்ஸ்டைனின் மனைவி என்றே உலகம் அவரை அறிந்தது.

கசந்த மனம் மீண்டும் தளிர்த்தது எங்ஙனம்? விடை பெர்ன் நகரில் இருக்கிறது. 1902இன் தொடக்கத்தில் வேலையின்றி அந்நகருக்கு வந்த ஐன்ஸ்டைன், கணிதமும் இயற்பியலும் கற்பிப்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அதைக் கண்டு வந்தவர் மெய்யியல் மாணவரான மாரிஸ் சோலோவின். முதல் சந்திப்பிலேயே பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. வழியனுப்ப வந்த இடத்திலும், தெருவில் நின்றபடியே தொடர்ந்தது. சில நாள்களில் பாடமும் கட்டணமும் மறந்து போயின. கான்ராட் ஹாபிக்ட் என்ற நண்பரும் சேர்ந்தார். பெரிய கல்விக் கழகங்களைக் கேலி செய்வதுபோல் தங்கள் மூவர் குழுவுக்கு ‘ஒலிம்பியா கழகம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டனர்.

ஹியூம், மில், மாக், பாயின்கரே, ஸ்பினோசா ஆகியோரின் நூல்களை அவர்கள் படித்தனர். இடையிடையே சோபக்ளீசின் நாடகமும் செர்வான்டிசின் புதினமும் இடம்பெற்றன. அரைப் பக்கம் படித்தால் விவாதம் சில நாள்கள் ஓடும். சிறிது பாலாடைக்கட்டி, பழம், தேநீர் என எளிய இரவு உணவு. ஐன்ஸ்டைனின் பிறந்தநாளன்று நண்பர்கள் கடன்பட்டாவது சுவைக்க வேண்டிய கேவியர் என்னும் விலையுயர்ந்த மீன்முட்டை உணவை அவர் முன் வைத்தனர். அவரோ பொருள்களின் நிலைமப் பண்பு பற்றிப் பேசிக்கொண்டே, என்ன உண்கிறோம் என்று அறியாமலே உண்டு முடித்தார். அங்கு வருகைப் பதிவேடு இல்லை, மதிப்பெண் இல்லை, தேறியவர் தோற்றவர் என்ற பிரிவும் இல்லை.

இந்த மாலைகளால் விளைந்த பயன் என்ன? காரணம், காரியம் என்று எளிதாகப் பேசுகிறோமே, அந்தத் தொடர்பை எங்கேனும் கண்ணால் கண்டதுண்டா என்று கேட்டவர் ஹியூம். எதனோடும் தொடர்பின்றித் தானே ஓடும் காலம் என்று நியூட்டன் சொன்னதை எந்த அளவையால் அறிவது என்று கேட்டவர் மாக். இவ்விருவரும் விடைகளைத் தந்தவர் என்பதைவிட, அறிந்ததாக எண்ணிய சொற்களை ஐயுறக் கற்பித்தவர் என்பதே பொருந்தும். 1905இல் ஐன்ஸ்டைன் எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு சொல்லையே. ‘ஒரே நேரத்தில்’ என்பது அச்சொல். ஏழு மணிக்கு இரயில் வந்தது என்றால், கடிகார முள் ஏழைத் தொட்டதும் இரயில் வந்ததும் ஒருசேர நிகழ்ந்தன என்று பொருள். இரண்டும் அருகருகே நிகழ்ந்தால் சிக்கல் இல்லை. வெகு தொலைவில் நிகழ்ந்த இரண்டை ஒரே நேரத்தவை என்று எப்படி உறுதி செய்வது? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றபோது, ஒருவருக்கு ஒரே நேரத்தில் நிகழ்ந்தவை, அவரைப் பொறுத்து நகரும் மற்றொருவருக்கு வெவ்வேறு நேரத்தில் நிகழ்ந்தவையாகும் என்ற முடிவு கிட்டியது. சார்பியல் கொள்கையின் நெஞ்சம் இதுவே. அந்த இடத்தை எட்டுவதற்கு ஹியூம், மாக் ஆகியோரின் எழுத்துகள் பெரிதும் உதவின என்று அவரே நன்றியோடு கூறியுள்ளார்.

இவ்வினாவை எந்தத் தேர்வாளரும் கேட்டிருக்க இயலாது. ‘ஒரே நேரம்’ என்றால் என்னவென்று தமக்குத் தெரியும் என்றே தேர்வாளரும் நம்பியிருந்தார். தேர்வு, விடை உள்ள வினாக்களைக் கேட்கிறது. மெய்யியல், வினாவே எழாத இடத்தில் வினாவை எழுப்புகிறது. கவிஞனின் தொழிலும் இதற்குத் தொலைவில் இல்லை. எல்லாரும் நாள்தோறும் புழங்கித் தேய்ந்த ஒரு சொல்லை எடுத்து, இதன் பொருள் என்ன என்று முதன்முறை கேட்பவன் போலக் கேட்பவனே கவிஞன்.

தேர்வு வீண் என்பது இதன் பொருளன்று. பாலம் கட்டுபவருக்குக் கணக்குத் தெரியுமா, மருத்துவருக்கு மருந்தின் அளவு தெரியுமா என்று சோதித்தே ஆக வேண்டும். கற்ற கணிதம் இல்லாமல் மெய்யியல் மட்டும் சார்பியலைத் தந்திருக்காது. ஆயினும் ஒருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை அளக்கும் கோல், அவர் எதை ஐயுறத் தொடங்கியிருக்கிறார் என்பதை அளக்காது. அக்கோலையே மனிதரை அளக்கும் கோலாகக் கொள்வதுதான் பிழை.

ஒலிம்பியா கழகம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே கூடியது. ஹாபிக்டும் சோலோவினும் வேலையை நாடி வேறு ஊர்களுக்குச் சென்றனர். 1953இல் அவ்விருவரும் பாரிசில் சந்தித்து, பிரின்ஸ்டனில் வாழ்ந்த நண்பருக்கு அஞ்சலட்டை எழுதினர். எழுபத்து நான்கு வயது ஐன்ஸ்டைன் அதற்கு எழுதிய மறுமொழியில், நண்பர்களை விளிக்கவில்லை. உயிருள்ள ஒருவரை அழைப்பதுபோல் அந்தக் கழகத்தையே விளித்தார். உலகப் புகழ் வந்த பின்னும் அந்தச் சிறிய அறை தம் வழிக்கு ஒளி தருவதாகவே அவர் கருதினார்.

அதே அறையில் இன்னொருவரும் இருந்தார். 1903 சனவரியில் ஐன்ஸ்டைனை மணந்த மிலேவா, கூட்டங்களில் கருத்தூன்றிக் கேட்டார். விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை என்று சோலோவின் நினைவுகூர்கிறார். அதே பாலிடெக்னிக்கில் அதே பாடங்களைப் பயின்றவர், அந்த மேசையருகே மௌனமாக இருந்தார்.

பத்தாண்டு நிறைவுறும் ஓர் இலக்கிய வட்டம் ஒலிம்பியாவிடமிருந்து பெறத்தக்கது உண்டு, திருத்திக்கொள்ளத்தக்கதும் உண்டு. மதிப்பெண் இல்லாத மாலைப்பொழுதைப் பெறலாம். வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கம் திரும்பி, “தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்கும் வழக்கத்தைத் தானே சேர்த்துக்கொள்ளலாம். தேர்வு முடிவுக்கு அஞ்சிக் கடைசி வரிசையில் வந்து அமரும் ஒரு மாணவருக்கு, ஒருவேளை அந்த ஒரு வினாவே போதும்.