சர்க்கரை மருந்தும் விழித்திரையும்



சர்க்கரையைக் குறைக்கும் மருந்து கண்ணைக் கெடுக்குமா என்னும் ஐயம் இன்று பல இல்லங்களில் எழுந்துள்ளது. கெடுக்கும் என்றஞ்சி மருந்தையே நிறுத்தியோரும் உளர். ஐயம் பொருளற்றதன்று; அவர்கள் கண்ட விடைதான் பிழையானது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவுடைய 1441 பேரிடம் நிகழ்ந்த பேராய்வு 1993-இல் வெளிவந்தது. இன்சுலினால் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோருள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர்க்கு முதல் ஆண்டிலேயே விழித்திரை நோய் சற்று முற்றியது. வழக்கமான மருத்துவம் பெற்றோருள் அது 8 விழுக்காட்டளவே. அவ்விடத்தில் ஆய்வை நிறுத்தியிருந்தால் இன்சுலின் மீது பழி விழுந்திருக்கும்! ஆண்டுகள் செல்லச் செல்ல நிலை தலைகீழாயிற்று. தொடக்கத்தில் கண்நோய் அற்றிருந்தோர்க்கு அது தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது.

செமாக்ளூடைடு என்னும் ஊசிமருந்தைப் பற்றிய அச்சமும் இத்தகையதே. இரண்டாம் வகை நீரிழிவுடைய 3297 பேரிடம் நடத்தப்பெற்று 2016-இல் வெளிவந்த ஆய்வில், மருந்து பெற்றோருள் 3 விழுக்காட்டினர்க்கும் பெறாதோருள் 1.8 விழுக்காட்டினர்க்கும் விழித்திரைச் சிக்கல் நேர்ந்தது. அவ்வாறு இடருற்ற 79 பேருள் 66 பேர்க்கு ஆய்வின் தொடக்கத்திலேயே விழித்திரை பழுதுற்றிருந்தது. நெடுநாள் உயர்ந்து நின்ற சர்க்கரை விரைந்து இறங்கியதே பெருங்காரணம் என மருத்துவர் பலர் கருதுகின்றனர். அதே மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்தது என்பதையும் மறத்தலாகாது.

கண்ணுக்குத் துணைநின்ற மருந்தும் உண்டு. இரத்தக் கொழுப்புக்குத் தரப்படும் பீனோஃபைப்ரேட் மாத்திரையை 9795 நீரிழிவு நோயாளரிடம் ஆய்ந்தபோது, லேசர் சிகிச்சை தேவைப்பட்டோர் 4.9 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தனர். கொழுப்பு மருந்தால் கண் பயன்பெறும் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பர்!

ஆகவே புதிய ஊசியோ இன்சுலினோ தொடங்குமுன், பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும். "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே" என்பது சான்றாகாது. இந்நோய் முற்றும்வரை பார்வை மங்காதிருத்தலும் உண்டு. முன்னரே பழுதிருப்பின், சர்க்கரையைப் படிப்படியாக இறக்குவது பற்றியும் சில திங்களுக்கொரு முறை கண்ணைச் சோதிப்பது பற்றியும் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரை இறங்கும் வாரங்களில் விழியாடியின் நீர்மை மாறுவதால் பார்வை தற்காலிகமாக மங்கக்கூடும். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டுவதில்லை. புதுக் கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதைச் சர்க்கரை நிலைப்படும் வரை தள்ளிப்போடலாம்.